நீரின் போக்கை நிருணயிப்பது எது?

(பன்வில பகுதியில் கமக்காரர், தோட்டத் தொழிலாளர், உத்தியோகத்தர் ஆகியோர் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கூட்டம் தொடங்குமுன் ஹுலு கங்கைப் பக்கம் சென்று சிறிது நேரம் நின்றோம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் பெய்யும் மழையை வாரிக்கொண்டு அந்த ஆறு ஓடிவருகின்றது. தெல்தெனியப் பக்கம் இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கலக்கின்றது. அங்கே சுழலிகளைச் சுழற்றி மின்சாரமாகின்றது. அதன்பின் மினிப்பே அணைக்கட்டில் திரும்பிக் குடியேற்றத் திட்ட வயல்களிற் பாய்ந்து நெல்லாகின்றது. இத்தனை செல்வத்தையும் தரும் நீர் பிறக்கும் மலையில் காண்பது என்ன? விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்லுமுன், லயத்துத் தாய்மார் குடத்துடன் பீலியடியில் வரிசையாக நிற்கும் காட்சி இன்னும் மறைந்தபாடில்லை. ஆற்றின் தலையில் இருப்பவர்களுக்குத் தாகம். ஆற்றின் காலில் இருப்பவர்களுக்கு வெளிச்சம்! இது எப்படி நேர்ந்தது? மழை குறைந்ததாலா? மக்கள் பெருகியதாலா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

நாட்டில் நீரின் உபயோகம் மாறும்போதெல்லாம் எமக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சனத்தொகை. மற்றது, வரட்சி. இரண்டும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவை முழு உண்மையுமல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படும் நீர் 1980 ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்தது. அதன்பின் சனத்தொகை கோடிக்கணக்காகப் பெருகியது. பொருளாதாரமும் பன்மடங்கு வளர்ந்தது. ஆயினும் 2015 இல் எடுக்கப்பட்ட நீர் 1970 இல் எடுத்ததைக் காட்டிலும் குறைந்திருந்தது. மக்கள் பெருகினர், நீரெடுப்புக் குறைந்தது. காரணம் யாது? 1972 இல் வந்த நீர்த் தூய்மைச் சட்டத்தின் பின், மின் நிலையங்கள் இயந்திரங்களைக் குளிர்விக்க எடுத்த நீரையே திரும்பத் திரும்ப உபயோகிக்கத் தலைப்பட்டன. கமக்காரர் நீர் பாய்ச்சும் முறையை மாற்றினர். சட்டம் மாறிற்று, கருவி மாறிற்று, உபயோகமும் மாறிற்று.

ஆகவே எமது கருத்து இதுதான்: எவ்வளவு நீர் விழும் என்பதை வானம் தீர்மானிக்கின்றது. விழுந்த நீர் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை நிலத்தின் உடைமையும், சந்தையும், கருவியும், விலையும், சட்டமும், அரசாங்க அதிகாரமுமே தீர்மானிக்கின்றன. வானத்தை நாம் மாற்ற முடியாது. மற்றவையோ மனிதர் செய்தவை, மனிதரால் மாற்றத்தக்கவை.

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் இம்மலைகளில் அடர்ந்த காடு நின்றது. பள்ளத்தாக்குகளில் ஓடைகளை மறித்துக் கண்டிக் கிராமத்தார் படிப்படியாக வயல் செய்தனர். பிரித்தானியர் ஆட்சியில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியன என்று அது கொண்டது. அவ்வாறு முடிக்குரியதான நிலம் கோப்பிச் செய்கைக்கு விற்கப்பட்டது. காடு வெட்டப்பட்டது. 1869 இல் கோப்பியில் இலைநோய் தோன்றி அச்செய்கை அழிந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றங்களுக்கு மழை காரணமா? இல்லை. இலண்டன் சந்தையும் காணிச் சட்டமுமே காரணம்.

காடு நின்ற மலை மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்ல ஊற்றாக விடும். வெறுமையான மலையோ மாரியில் வெள்ளத்தையும் கோடையில் வரண்ட பீலியையும் தரும். இதனை ஆட்சியாளரும் அறிந்தே இருந்தனர். தாவரவியல் அறிஞர் யோசப் ஹூக்கரின் எச்சரிக்கையைத் தொடர்ந்து, 1873 இல் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. 1931 இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1947 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின், 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அறிவு குறைவில்லை, அறிக்கையும் குறைவில்லை. ஆனால் சட்டம் வருவதற்குள் மேல்மண் ஆற்றோடு போய்விட்டது. அந்தக் காட்டை வெட்டி, அந்த மலையில் தேயிலை நட்டு, தம் உடலையே உரமாக்கிய எமது பாட்டன்மார்க்கோ அந்த நிலத்தில் ஒரு முழமும் உரியதாகவில்லை. நிலம் உரியதாகாத காரணத்தால் நீரும் உரியதாகவில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இவ்விடத்துக்கு வருவோம்.

அடுத்து, கருவியையும் சந்தையையும் பாருங்கள். இதற்கு யாழ்ப்பாணமே நல்ல உதாரணம். அங்கே ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. கிணறே அந்நாட்டின் உயிர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதனின் உடல் வலிமையே நீரெடுப்புக்கு எல்லையாக இருந்தது. காலையில் இரண்டு பேர் துலாவில் ஏறி இறங்கினால் எவ்வளவு இறைக்கலாமோ அவ்வளவுதான். 1950 களிலும் 60 களிலும் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் பரவியது. உடலின் எல்லை போயிற்று. 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. அவற்றின் விலை உயர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் கல்வீடு கட்டினான். பிள்ளைகளைப் படிக்க வைத்தான். அதில் நாம் மகிழ்ச்சியே அடைகின்றோம். ஆனால் கிணறு என்ன சொல்லிற்று? கரையோரக் கிணறுகளில் உவர் ஏறிற்று. அளவுக்கு மிஞ்சிய பசளை நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. பின்னர் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, கிணறு கெட்டபின்னர் கிடைத்தது.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் மின் இறைப்பு இயந்திரங்கள் பெருகின. 1984 இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவனுக்கு அது பெரும் உதவியே. ஆனால் ஆழக் கிணறு தோண்டப் பணமுள்ளவன் ஆழத்துக்குச் சென்றான். பணமில்லாதவனின் கிணறு வற்றிற்று. மின்சாரத்துக்கு விலையில்லை என்றவுடன் நீருக்கும் விலையில்லை என்றாயிற்று. சலுகை நல்ல எண்ணத்திற் கொடுக்கப்பட்டது. அதற்கு வரையறை வகுக்காமல் விட்டதே பிழை.

மூன்றாவது, அரசாங்கத்தின் கை. இதற்கு நாம் தூரம் செல்லவேண்டியதில்லை. எமது வாசலில் ஓடும் மகாவலியே சாட்சி. 335 கிலோமீற்றர் நீளமுடைய அந்நதி, இத்தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் நீரைச் சேர்த்துக்கொண்டு செல்கின்றது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உதவியோடு 1960 களில் ஆராய்ந்து, 1968 இல் வரையப்பட்ட பெருந்திட்டம் 30 ஆண்டுகளில் நிறைவேற வேண்டியதாக இருந்தது. 1976 இல் கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் நதி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குத் திருப்பப்பட்டது. 1977 இல் வந்த அரசாங்கம் 30 ஆண்டு வேலையை 6 ஆண்டுகளில் முடிப்பதெனப் புறப்பட்டது. கொத்மலையும் விக்டோரியாவும் 1985 இலும், ரந்தெனிகலை 1986 இலும், ரந்தம்பை 1990 இலும் எழுந்தன. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர்; மின்னாற்றல் 210 மெகாவாற்று. அதன் நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. கடை வைத்திருந்தவனும், வயல் வைத்திருந்தவனும், கொக்கோத் தோட்டத்திற் கூலி வேலை செய்தவனும் வெளியேறினர்.

பொல்கொல்லையில் ஒரு கணக்கு இருக்கின்றது. அங்கே வடக்கு நோக்கித் திருப்பும் நீர், உக்குவெலையிலும் போவத்தன்னையிலும் மின்சாரம் தந்து, வரண்ட வலயத்துக் குளங்களை நிரப்பி நெல்லாகின்றது. திருப்பாமல் விட்ட நீர் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்ற மூன்று படிகளிலும் விழுந்து அதைவிடக் கூடிய மின்சாரம் தருகின்றது. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், நெல்லுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று அதிகாரிகள் கூடி முடிவு செய்யவேண்டியிருக்கின்றது. திட்டத்தின்படி பொல்கொல்லையில் திருப்புவதற்கு வகுத்த அளவு ஆண்டொன்றுக்குச் சுமார் 87½ கோடி கன மீற்றர். 1996 இல் மழை பொய்த்தது. நீர் மின்சாரத்தையே நம்பியிருந்த நாடு இருளில் மூழ்கிற்று. அதன்பின் எண்ணெயும் நிலக்கரியும் வந்தன; 2011 இல் நுரைச்சோலை அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. எரிபொருளின் விலை ஏறினால் நீர்த்தேக்கத்தின்மீது கண் திரும்பும்; அரிசியின் விலை ஏறினால் வாய்க்காலின்மீது கண் திரும்பும். இந்தக் கணக்கிற் பன்வில மக்களின் தாகம் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கின்றது? எப்பத்தியிலும் இல்லை. காரணம், அந்தக் கணக்கை எழுதும் மேசையில் எமக்கு ஆசனமில்லை.

அதுமட்டுமன்று. மகாவலி என்ற பெயர் சென்ற இடமெல்லாம் நீர் சென்றதா? 1988 இல் முல்லைத்தீவு மாவட்டத்து மணலாறு, மகாவலி ‘எல்’ வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே மகாவலியின் நீர் போய்ச் சேருமுன்பே மகாவலி அதிகாரசபையின் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. காணியும் குடியேற்றமும் அதன் கைக்குச் சென்றன. இதனை நாம் சொல்வது சிங்களக் கமக்காரன்மீது பகைகொண்டல்ல. தெல்தெனியவில் அவனும் தன் வீட்டை நீருக்குக் கொடுத்தவனே. எமது வழக்கு அவனோடல்ல. மக்களைக் கேளாமல் நதியையும் நிலத்தையும் ஆளும் முறையோடுதான்.

நான்காவது, விலை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2012 க்குப் பின் 10 ஆண்டுகள் கட்டணத்தை உயர்த்தாமலிருந்தது. நாடு வங்குரோத்தான 2022 ஆம் ஆண்டு செப்தெம்பரில் உயர்த்திற்று. 2023 ஓகஸ்தில் மீண்டும் உயர்த்திற்று. கண்டி நகரத்து நண்பர்கள் தங்கள் சிட்டையைப் பார்த்துக் குழாயைப் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். விலை உபயோகத்தை மாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் கமக்காரனின் நீருக்கும் விலை வைக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது என்ன நடந்தது? 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய நீர்வளக் கொள்கை, கமக்காரரின் எதிர்ப்பாற் கைவிடப்பட்டது. 2003 இல் நீர்ச் சேவைகளைச் சீர்திருத்தும் மசோதா வந்தபோது, மாகாண சபைகளின் கருத்தைக் கேளாமல் அதனை நிறைவேற்ற முடியாதென உயர் நீதிமன்றம் கூறிற்று. 1987 இன் 13 ஆம் திருத்தப்படி, ஒரு மாகாணத்துக்குள் அடங்கிய நீர்ப்பாசனம் மாகாணத்துக்குரியது. பல மாகாணங்களின் ஊடாக ஓடும் ஆறுகளின் திட்டங்கள் மத்திக்குரியவை. மகாவலி பல மாகாணங்களின் ஊடாக ஓடுகின்றது. ஆகையால் அதன் பெருந்திட்டங்கள் கொழும்பின் கையிலேயே இருக்கின்றன.

நீருக்கு விலையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இலவசத்தின் கதி என்னவென்பதைக் கோயம்புத்தூரில் கண்டோம். ஆனால் உரிமையில்லாதவனிடம் விலை கேட்பது நியாயமாகாது. உரிமை முதலில், அளவு அடுத்து, விலை அதன் பின்னர். இதுவே முறை.

இப்போது நாம் முன்னே விட்டுவந்த இடத்துக்குத் திரும்புவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஒரு வழக்கு வந்தது. எந்தத் தோட்டம், யார் யார் என்பது இங்கே வேண்டாம். மேலே லயம்; கீழே வயல்; இடையிலே ஒரே ஓடை. லயத்தார் காசு சேர்த்துக் குழாய் வாங்கி, ஓடையின் தலையிலிருந்து வீட்டுக்கு நீர் கொண்டுவந்தனர். சிறுபோகத்தில் ஓடை மெலிந்தது. வயற்காரரின் அணைக்கு நீர் எட்டவில்லை. ஓரிரவில் குழாய் வெட்டப்பட்டது. கைகலப்பு, பொலிசு, ஈற்றில் ஆரம்ப நீதிமன்றம். வயற்காரர் உறுதியைக் காட்டினர். பாட்டன் காலந்தொட்டு நீர் பாய்ச்சிய வழக்கத்தைக் காட்டினர். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எமது கட்சிக்காரராகிய லயத்தார் எதைக் காட்டுவது? எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, “நான் வாக்கப்பட்டு வந்த நாள் தொட்டு இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம் ஐயா” என்றாள். அந்தச் சொல்லைச் சட்டம் எந்தத் தராசில் நிறுக்கும்?

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இன்று அரச காணிகள் கட்டளைச் சட்டம் என வழங்குவது, பொது நீரோடைகளின் நீரை ஆளும் உரிமையை அரசுக்கே அளித்திருக்கின்றது. கரையிலுள்ள காணியை அனுபவிப்பவன் தன் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் அந்நீரை எடுக்க அது இடமளிக்கின்றது. ஆனால் லயத்தில் வசிப்பவன் காணியை அனுபவிப்பவனா, தோட்டத்தின் தயவில் தங்கியிருப்பவனா? 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 10 ஆண்டுகளின் தடையற்ற எதிர் அனுபவத்தை உரிமையாக்குகின்றது. ஆனால் அனுமதியின்பேரில் அனுபவித்தது 10 ஆண்டல்ல, 100 ஆண்டானாலும் உரிமையாகாது. அரசுக்கு எதிராகவோ அந்தக் காலக்கணக்கே ஓடாது. 1970 களின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று. 1992 இல் அதன் நிருவாகம் கம்பெனிகளுக்கு மாறத் தொடங்கியபோதும் நிலம் அரசினுடையதாகவே இருந்தது. ஆகவே ஐந்து தலைமுறை குடித்த நீரும் சட்டத்தின் கண்ணுக்குத் தயவாகவே தோன்றுகின்றது.

பிரதேச சபையிடம் போகலாமே என்பீர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவின் காரணமாக, சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் வீதியோ கிணறோ அமைக்க முடியாதென்றே நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்டது. வாக்கு மட்டும் வாங்கலாம். வாளி நீர் கொடுக்கலாகாது! 2018 இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தித் தோட்டங்களுக்கும் சபை பணி செய்ய வழி திறந்தது. கதவு திறந்திருக்கின்றது. உள்ளே நுழைந்து கேட்பவர்கள்தாம் போதவில்லை.

அந்த வழக்கு எவ்வாறு முடிந்தது என்று அறிய விரும்புவீர்கள். தீர்ப்புக்குப் போகவில்லை. இரு பக்கத்தாரையும் ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றோம். வயலுக்குப் பகலில் நீர் வேண்டும். வீட்டுக்கு வேண்டியது தொட்டி நிறையும் அளவே. அதனை இரவில் நிரப்பிக்கொள்ளலாம். தொட்டி கட்டச் சீமெந்து லயத்தார் வாங்கினர். வயற்காரரில் இருவர் வந்து கல் சுமந்தனர். இன்றும் அந்த ஏற்பாடு நடைபெறுகின்றது. நீர் போதுமானதாகவே இருந்தது. பேசி முடிவு செய்யும் இடந்தான் இல்லாதிருந்தது. ஆயினும் அது ஓர் இணக்கம் மட்டுமே. புதிய முகாமையாளரோ புதிய காணிக்காரரோ வந்தால் மறுபடியும் தயவுதான். அதனை உரிமையாக்கும் வேலை இன்னும் மீதியிருக்கின்றது.

கமக்காரத் தோழர்களே, எம்மீதே எமக்குள்ள குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்நாட்டில் மக்கள் எடுக்கும் நீரில் 100 க்கு 87 பங்கு விவசாயத்துக்கே செல்கின்றதென உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் 2005 ஆம் ஆண்டுக் கணக்குக் கூறுகின்றது. முதல் மழையோடு உழுது விதைக்காமல், வாய்க்கால் நீர் வரட்டும் என்று காத்திருந்து, மண்ணை ஊறவைக்கவே பாதி நீரைச் செலவிடும் பழக்கம் எமக்கில்லையா? சரிவில் மரக்கறி செய்வோர் கல்வரம்பு கட்டாமல் மண்ணை ஆற்றில் விடவில்லையா? ஊற்றுக்கண்ணின் மேலேயே பூச்சிமருந்து தெளித்த போத்தலைக் கழுவவில்லையா? கீழே விக்டோரியாவில் வண்டல் சேர்கின்றதென்றால் அதில் எமது கையளவு மண்ணும் உண்டு. உரிமை கேட்பவனின் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

ஆகவே நான்கு காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, தோட்ட மக்களுக்கு வீட்டுக்காணி வழங்கப்படும்போது, 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, அந்த உறுதியிலேயே எந்த ஊற்றிலிருந்து எந்த வழியாக நீர் பெறும் உரிமை உண்டென்பது எழுதப்படவேண்டும். நில அளவைப் படத்தில் ஊற்றும் குழாய் வழியும் காட்டப்படவேண்டும். நீரில்லாத வீட்டுறுதி அரை உறுதி.

இரண்டாவது, திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ்த் தோட்டக் குடிநீருக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குமாறு பிரதேச சபையிடம் எழுத்தில் மனுக் கொடுக்கவேண்டும். வாய்ச்சொல் காற்றிற் போகும். மனு கோப்பில் நிற்கும்.

மூன்றாவது, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புக்களோடு, ஓடைக்கு ஓடை ஒரு பொதுக்குழு அமையவேண்டும். அதில் வயற்காரரும் லயத்தாரும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே இருக்கவேண்டும். ஓடைக்கு மொழி கிடையாது.

நான்காவது, ஊற்றுக்கண்களைச் சுற்றி மரம் நடுவதும், அவ்வெல்லைக்குள் பயிரும் மருந்தும் புகாமற் காப்பதும் எமது சொந்தக் கடமை. இதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நக்கிள்ஸ் காடு 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் போற்றும் காட்டின் அடியில் வாழும் நாம் ஓர் ஊற்றைக் காக்க முடியாதா?

கண்டி நகர நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் நகருக்கு நீர் தருவதற்காகத் துனுமடலாவைக் காட்டைக் காத்தது ஒரு காலம். இன்று மகாவலியிலிருந்து இறைத்துக் குடிக்கின்றீர்கள். மலையில் நடப்பது உங்கள் குழாயில் வரும். உங்களிலே நில அளவையாளர் இருக்கின்றார். ஊற்றுக்களைப் படத்தில் குறித்துத் தரலாம். வைத்தியர் இருக்கின்றார், பீலி நீரைப் பரிசோதிக்க வழி செய்யலாம். ஆசிரியர் இருக்கின்றார், மாணவரைக்கொண்டு ஊற்றின் நீரளவைத் திங்கள்தோறும் எழுதி வைக்கலாம். சட்டத்தரணிகளாகிய நாம் மனுக்களையும் உறுதி வாசகங்களையும் எழுதித் தருவோம். திங்களுக்கு ஒரு நாள் இப்பகுதிக்கு வர எம்மில் சிலர் இன்று ஒப்புக்கொண்டிருக்கின்றோம். கட்டணம் இல்லை.

தோழர்களே! இம்மலையில் நீரின் போக்கு ஒருமுறையல்ல, பலமுறை மாறியிருக்கின்றது. கோப்பிக்காக மாறிற்று, தேயிலைக்காக மாறிற்று, மின்சாரத்துக்காக மாறிற்று, தொலைவிலுள்ள நெல்லுக்காக மாறிற்று. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு சட்டத்தையோ, ஒரு படத்தையோ, ஒரு கணக்கையோ எழுதினார். ஆறு அதற்குக் கீழ்ப்படிந்தது. எழுதியவர்களில் எம்மவர் ஒருவரேனும் இருக்கவில்லை. அடுத்த முறை எழுதப்படும்போது எமது பெயரும் எமது குடமும் அந்தக் கடதாசியில் இருக்கவேண்டும். அதற்கான முதல் மனுவை இம்மேசையில் வைத்திருக்கின்றோம். கூட்டம் கலையுமுன் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்; பொருள் விளங்கிய பின்னரே பெருவிரலைப் பதிக்கட்டும்.